கதவைத் தட்டினா திறக்க ஒரு ஆள் வேணும்: பிரேசில் எக்ஸை மூடின 39 நாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெயில்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. கம்பெனி அமெரிக்காவுல இருக்கு, சர்வர் எங்கேயோ இருக்கு, முதலாளி யார் பேச்சையும் கேக்குற ஆள் இல்லை. அப்புறம் ஒரு நாட்டோட சட்டம் அவனை என்னதான் பண்ணிட முடியும்?

இதுக்குப் பொதுவா பதில் சொல்லப்போனா லா காலேஜ் கிளாஸ் மாதிரி ஆயிடும், நான் லா படிச்சவனும் இல்லை. அதனால ஒரே ஒரு கதையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போவோம். 2024, பிரேசில், எக்ஸ். ட்விட்டர்னு சொன்னாத்தான் இன்னும் பாதிப் பேருக்குப் புரியுது, பரவாயில்லை.

இந்தக் கதையை எடுத்ததுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு. அப்போ எங்க டீம்ல சாவோ பாவ்லோவிலிருந்து ஒருத்தர் வேலை பார்த்தார். ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை உத்தரவு வந்துச்சு. திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப்ல எல்லாரும் அவங்கவங்க டிக்கெட்டைப் பத்திப் பேசிட்டு இருக்கும்போது, அவர் முறை வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "ஆபீஸ் விபிஎன்னை ஆன் பண்ணினா எனக்கு ஃபைன் வருமா?" நாங்க சிரிச்சோம். அவர் சிரிக்கல.

ஏன்னா உத்தரவுல அப்படி ஒரு வரி இருந்துச்சு. விபிஎன் மாதிரி ஏதாவது வழியில தடையைத் தாண்டி எக்ஸைப் பயன்படுத்தினா, தனி மனுஷனோ கம்பெனியோ, ஒரு நாளைக்கு 50,000 ரெயால் அபராதம். ரெயால்னா பிரேசில் காசு, வளைகுடா ரியால் இல்லை. அன்னைக்கு நம்ம காசுல சுமாரா ஏழரை லட்சம் ரூபாய். ஒரு நாளைக்கு! எங்க ஆபீஸ் விபிஎன் வெளியே வர்ற இடம் அமெரிக்காவுல. அவர் போன்ல எக்ஸ் திறக்காது. ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தா, அவர் எதுவும் பண்ணாமலேயே திறக்கும். அப்போ அவர் சட்டத்தை மீறினவரா, இல்லையா?

எங்க லீகல் டீம் ஒரு வாரம் யோசிச்சுட்டு, "ரிஸ்க் வேண்டாம்"னு ஒரு டிக்கெட் போட்டாங்க. பிரேசில் ஊழியர்களுக்கு மட்டும் கேட்வேயில எக்ஸோட டொமைன்களைத் தடுக்கணும். அந்த டிக்கெட் எனக்குத்தான் வந்துச்சு. நாலு வரி கான்ஃபிக். ஒரு நாட்டோட உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, கடல் தாண்டி வந்து, கடைசியில சென்னையில என் கையால நாலு வரியா மாறுச்சு. மெர்ஜ் பட்டனை அழுத்தும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அன்னையிலிருந்து இந்த விஷயத்தைப் படிச்சுக்கிட்டே இருக்கேன்.

சரி, கதைக்கு வருவோம்.

பிரேசில் உச்ச நீதிமன்றத்துல அலெக்ஸாண்டர் டி மொராயிஸ்னு ஒரு நீதிபதி. பொய்ச் செய்தி, ஜனநாயகத்துக்கு எதிரான சதி, இது சம்பந்தமான விசாரணைகளை அவர்தான் கவனிக்கிறார். 2023 ஜனவரி 8-ம் தேதி, தேர்தல்ல தோத்த பொல்சனாரோவோட ஆதரவாளர்கள் பிரேசிலியாவுல நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அதிபர் மாளிகை மூணுக்குள்ளேயும் புகுந்து உடைச்சாங்க, ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடியும் பின்னாடியும், சில அக்கவுண்ட்களை முடக்கச் சொல்லி அவர் சமூக வலைத்தளங்களுக்கு உத்தரவுகள் போட்டார். 2024 ஏப்ரல்ல ஈலோன் மஸ்க், இனிமே இதையெல்லாம் கேட்கமாட்டோம்னு வெளிப்படையா சொன்னார். மொராயிஸ் மஸ்க் மேலேயே விசாரணையைத் திறந்தார். அபராதம் ஏற ஆரம்பிச்சுது.

இப்போ உங்களையே நீதிபதி இடத்துல வச்சுப் பாருங்க. உத்தரவு போட்டாச்சு, கேட்கல. அபராதம் போட்டாச்சு, கட்டல. அடுத்து என்ன?

எங்க ஊர்ல கடன் வசூலிக்கப் போறவங்க முதல்ல பார்க்கிறது வீட்டுல ஆள் இருக்கானான்னுதான். கோர்ட்டும் அப்படித்தான். கம்பெனிங்கிறது ஒரு காகிதம். அதைப் பிடிக்க முடியாது. ஆனா அந்தக் காகிதத்துக்காகக் கையெழுத்துப் போடுற ஒரு ஆள் உள்ளூர்ல இருந்தா, அவரைக் கூப்பிடலாம், நோட்டீஸ் குடுக்கலாம், மீறினா நடவடிக்கை எடுக்கலாம். ஆகஸ்ட் 17-ம் தேதி எக்ஸ் என்ன பண்ணுச்சுன்னா, எங்க சட்டப் பிரதிநிதியைக் கைது பண்ணுவேன்னு மிரட்டுறாங்கன்னு சொல்லி, பிரேசில் ஆபீஸையே மூடிடுச்சு. ஆனா சர்வீஸ் ஓடும், யூசர்கள் வழக்கம்போல பயன்படுத்தலாம்னு அறிவிச்சாங்க. அதாவது வியாபாரம் இங்கே, ஆள் மட்டும் இல்லை.

கோர்ட்டுக்கு இப்போ ஒரு வேடிக்கையான பிரச்சினை. நோட்டீஸை யார் கையில குடுக்கிறது? ஆகஸ்ட் 28-ம் தேதி, உச்ச நீதிமன்றத்தோட எக்ஸ் அக்கவுண்ட்ல இருந்தே மஸ்க்கை டேக் பண்ணி நோட்டீஸைப் போஸ்ட் பண்ணாங்க. 24 மணி நேரத்துக்குள்ள பிரதிநிதி பேரைச் சொல்லு, இல்லைன்னா தடை. எக்ஸைத் தடை செய்வோம்ங்கிற நோட்டீஸ் எக்ஸ்லேயே வந்துச்சு. சினிமாவுல வச்சா நம்பமாட்டோம்.

பிரேசிலுக்கு இந்த ஆள் இல்லாத பிரச்சினை புதுசு இல்லை. 2022 மார்ச்சுல டெலிகிராமுக்கும் இதே நீதிபதி தடை உத்தரவு போட்டார். ரெண்டே நாள்ல பாவெல் துரோவ் மன்னிப்புக் கேட்டு, கோர்ட் அனுப்பின மெயில்கள் எங்களுக்குச் சரியா வந்து சேரல, அதான் பிரச்சினைன்னு சொல்லி, பிரதிநிதியையும் நியமிச்சார். தடை போச்சு. நீங்க நம்புறீங்களா இல்லையாங்கிறது உங்க இஷ்டம். ஆனா பாருங்க, கோடிக்கணக்கான பேர் மெசேஜ் அனுப்புற ஒரு ஆப்புக்கு ஒரு நாட்டோட உச்ச நீதிமன்றம் அனுப்பின மெயில் போய்ச் சேரலையாம்.

ஆனா இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். 2016 மார்ச்சுல ஃபேஸ்புக்கோட லத்தீன் அமெரிக்கத் துணைத் தலைவரை பிரேசில் போலீஸ் கைது பண்ணுச்சு. ஒரு போதைப்பொருள் வழக்குல வாட்ஸ்அப் மெசேஜ்களைக் குடுக்கலைன்னு. மறுநாள் விட்டுட்டாங்க. அந்த மனுஷன் வாட்ஸ்அப்ல வேலை பார்க்கலை. வாட்ஸ்அப் அதைத் தாங்கள் எடுத்துக் குடுக்கவே வழி இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவர் கிட்ட சாவி இல்லை, சாவி இருக்கிற அறையும் அவருக்குத் தெரியாது. ஆனா உள்ளூர்ல கைக்கு எட்டுற ஆள் அவர்தான். இந்த மாதிரிச் சட்டங்களை விமர்சகர்கள் பிணைக்கைதிச் சட்டம்னு சொல்றது இதனாலதான். "உள்ளூர்ப் பிரதிநிதி"ன்னு படிக்க ரொம்ப சாதுவா இருக்கும். அந்த வேலைக்கு ஆஃபர் லெட்டர் வாங்கிட்டு வீட்டுல சொல்லிப் பாருங்க, அம்மா என்ன சொல்வாங்கன்னு.

ஆள் இல்லை. அடுத்து என்ன? காசு.

மார்கோ சிவில்னு 2014-ல பிரேசில் ஒரு இணையச் சட்டம் கொண்டுவந்துச்சு. அதுல வெளிநாட்டு கம்பெனி மீறினா எச்சரிக்கை, பிரேசில் வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும் அபராதம், இடைநிறுத்தம், முழுத் தடைன்னு படிப்படியா இருக்கு. ஆனா ஆபீஸை மூடிட்ட கம்பெனியோட பேங்க் அக்கவுண்ட்ல போதுமான காசு இருக்குமா? இங்கேதான் மொராயிஸ் ஒரு வேலை பண்ணினார். எனக்கு இன்னும் அது நெருடுது. ஸ்டார்லிங்கோட அக்கவுண்ட்களை முடக்கினார்.

ஸ்டார்லிங்க் அப்போ வேற கம்பெனி. அதை நடத்துறது ஸ்பேஸ்எக்ஸ். அதுல மஸ்க் பெரிய பங்குதாரர், ஆனா மத்த முதலீட்டாளர்களும் இருக்காங்க. எக்ஸோட அபராதத்துக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? நடைமுறையில ஒரே முதலாளி, அதனால ஒரே வணிகக் குழுன்னு நீதிபதி சொன்னார். வேலை நடந்துச்சா? நடந்துச்சு. ஸ்டார்லிங்க் முதல்ல, அக்கவுண்டை விடுவிக்கிற வரைக்கும் எக்ஸைத் தடுக்கமாட்டோம்னு சொல்லிட்டு, செப்டம்பர் 3-ம் தேதி வழிக்கு வந்துச்சு. செப்டம்பர் 13-ம் தேதி ரெண்டு கம்பெனி அக்கவுண்ட்லேயும் இருந்து மொத்தம் 1.83 கோடி ரெயாலை அரசு கணக்குக்கு மாத்தினாங்க. அதுல பெரிய பங்கு ஸ்டார்லிங்க்கோடது.

வேலை நடந்துச்சுங்கிறதுக்காக அது சரின்னு ஆயிடாது. நம்ம ஊர்ல அண்ணன் வாங்கின கடனுக்குத் தம்பி கடையைப் பூட்டினா சும்மா இருப்போமா? அமேசான் காட்டுப் பகுதியில ஃபைபர் போகாத ஊர்கள்ல ஸ்டார்லிங்க்தான் இன்டர்நெட். ஒரு சமூக வலைத்தளச் சண்டையில அந்த ஊரோட கனெக்‌ஷனையும் இழுத்து நடுவுல வைக்கிறாங்க. எக்ஸ் பண்ணினது தப்புன்னு நினைக்கிறவங்க கூட இந்த இடத்துல நின்னு யோசிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது நம்ம ஏரியா. கம்பி.

ஆகஸ்ட் 30 உத்தரவு அனாடெல்லுக்குப் போச்சு. நம்ம ட்ராய் மாதிரி அவங்க தொலைத்தொடர்பு ஆணையம். அவங்க 20,000-க்கும் மேற்பட்ட இணைய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினாங்க. ஆமா, இருபதாயிரம். பிரேசில்ல சின்னச் சின்ன ஊர் ஐஎஸ்பி ஏகப்பட்டது, நம்ம ஊர் கேபிள்காரர் இன்டர்நெட் குடுக்கிற மாதிரி. ஆரம்ப உத்தரவுல ஆப்பிளும் கூகுளும் விபிஎன் ஆப்களையே ஸ்டோர்ல இருந்து எடுக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு எழுந்த சத்தத்துல அன்னைக்கே அந்தப் பகுதியை நிறுத்தி வச்சாங்க. தனி ஆளுக்கு 50,000 ரெயால் அபராதம் மட்டும் அப்படியே இருந்துச்சு. செப்டம்பர் 2-ம் தேதி அஞ்சு நீதிபதிகள் அமர்வு தடையை ஒருமனதா உறுதி செஞ்சுது. அதுல ஒரு நீதிபதி, லூயிஸ் ஃபுக்ஸ், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத பொதுமக்கள் மேல இந்த அபராதம் பாயக்கூடாதுன்னு தனியா பதிவு பண்ணினார். வக்கீல்கள் சங்கமும் எதிர்த்துச்சு. என் சக ஊழியர் அந்தச் செய்தியோட லிங்கை டீம் சேனல்ல போட்டு, ஒரு கும்பிடு எமோஜி மட்டும் வச்சிருந்தார்.

ஒரு சைட்டை எப்படித் தடுப்பாங்கன்னு சுருக்கமா சொல்லிடறேன், தெரிஞ்சவங்க முப்பது செகண்ட் தள்ளிவிட்டுக்கோங்க. ஒண்ணு, டிஎன்எஸ். பேரைச் சொன்னா நம்பர் குடுக்கிற டைரக்டரியில அந்தப் பேரை அழிச்சுடறது. வேற டைரக்டரி பயன்படுத்தினா இது உடைஞ்சிடும். ரெண்டு, ஐபி. அந்த நம்பருக்குப் போற பாதையையே மூடுறது. மூணு, எச்டிடிபிஎஸ் கனெக்‌ஷன் ஆரம்பிக்கும்போது எந்த சைட்டுக்குப் போறோம்னு பேர் வெளியே தெரியும், அதைப் பார்த்துத் துண்டிக்கிறது. இதுக்குக் கொஞ்சம் விலை கூடின பெட்டி வேணும், கேபிள்காரர் கிட்ட இருக்காது. அதனால நிறைய இடத்துல முதல் ரெண்டுதான்.

ஐபி தடையில ஒரு ஓட்டை இருக்கு. அந்த நம்பர் அந்த சைட்டுக்கு மட்டும் சொந்தமா இருந்தாத்தான் தடை சுத்தமா வேலை செய்யும்.

செப்டம்பர் 18, புதன்கிழமை. பிரேசில்ல பல பேருக்கு எக்ஸ் திடீர்னு திறந்துச்சு. விபிஎன் எதுவும் இல்லை. எங்க ஆளே மெசேஜ் போட்டார், "உன் ரூலை எடுத்துட்டியா?"ன்னு. நான் எதையும் தொடலைன்னு சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு. விஷயம் என்னன்னா, எக்ஸ் தன்னோட டிராஃபிக்கை கிளவுட்ஃப்ளேர் வழியா மாத்தியிருந்துச்சு. இப்போ எக்ஸோட ஐபி, மாறிக்கிட்டே இருக்கிற, ஆயிரக்கணக்கான மத்த சைட்களும் பயன்படுத்துற பொது ஐபி. அதைத் தடுத்தா பேங்க், அரசாங்க சைட், கடை எல்லாம் சேர்ந்து விழும். ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல ஒரு வீட்டுக்காரரை உள்ளே விடக்கூடாதுன்னு மெயின் கேட்டைப் பூட்டின மாதிரி.

வேணும்னே பண்ணினாங்களா? எக்ஸ், நெட்வொர்க் கம்பெனியை மாத்தினப்போ தெரியாம நடந்ததுன்னு சொல்லுச்சு. அனாடெல் வேணும்னே பண்ணின மாதிரிதான் தெரியுதுன்னு சொல்லுச்சு. புரொடக்‌ஷன்ல தெரியாம நடந்த எத்தனையோ விஷயத்தை நானும் பார்த்திருக்கேன், நானே பண்ணியும் இருக்கேன். ஆனா ஒரு நாட்டுல நம்மளைத் தடை பண்ணியிருக்கும்போது அந்த நாட்டு டிராஃபிக்கோட பாதையை மாத்துற மாற்றத்துக்கு, கோட் ரிவ்யூல ஒருத்தர் கூட "அப்போ பிரேசில்?"னு கேட்கலையா? எனக்கு நம்பக் கஷ்டமா இருக்கு.

இதைத் தீர்த்தது போலீஸும் இல்லை, அதிநவீனப் பெட்டியும் இல்லை. அனாடெல் கிளவுட்ஃப்ளேர்கிட்ட பேசுச்சு. கிளவுட்ஃப்ளேர் எக்ஸோட டிராஃபிக்கைத் தனி ஐபிகளுக்குப் பிரிச்சுக் குடுத்துச்சு. தடை மறுபடி வேலை செஞ்சுது. மொராயிஸ் ஒரு நாளைக்கு 50 லட்சம் ரெயால்னு ரெண்டு நாளைக்கு அபராதம் போட்டார். நடுவுல நிக்கிற அந்த மூணாவது கம்பெனி ஒத்துழைக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்? அதுக்கும் ஒரு கதை இருக்கு.

2018 ஏப்ரல்ல ரஷ்யா டெலிகிராமைத் தடுக்க ஆரம்பிச்சுது. டெலிகிராம் அமேசான், கூகுள் கிளவுடுக்குள்ள தாவித் தாவிப் போச்சு. ரஷ்ய அதிகாரிகள் விரட்டி விரட்டித் தடுத்ததுல, கோடிக்கும் மேல ஐபி முகவரிகள் தடைக்குள்ள வந்துடுச்சு. சம்பந்தமே இல்லாத கடைகள், சர்வீஸ்கள் எல்லாம் விழுந்துச்சு. டெலிகிராம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு! அரசாங்க அமைப்புகளே அதுல சேனல் நடத்துச்சு. 2020 ஜூன்ல தடையை எடுத்துட்டாங்க. பிரேசிலைவிட கண்காணிப்புல எவ்வளவோ முன்னாடி இருக்கிற அரசாங்கம் அது. ஆக ஜெயிக்கிறதும் தோக்கிறதும் அரசாங்கத்தோட பலத்தை மட்டும் வச்சு இல்லை. கம்பெனிக்கு அந்த நாட்டுல இழக்க ஏதாவது இருக்கா, நடுவுல இருக்கிற கம்பெனிகள் யார் பக்கம் சாய்றாங்க, இதுதான் பெரிசா தெரியுது எனக்கு.

எக்ஸுக்கு இழக்க இருந்துச்சு. பிரேசில்ல 2 கோடிக்கும் மேல யூசர்கள்னு மதிப்பீடு. தடை வந்த சில நாள்லேயே ப்ளூஸ்கைக்கு 10 லட்சத்துக்கும் மேல புது ஆட்கள் போனாங்க, டைம்லைன் முழுக்கப் போர்ச்சுகீஸ். நான் அப்போ ப்ளூஸ்கைல இருந்தேன், கால்பந்து மீம் தவிர வேற எதுவும் கண்ணுல படல. மஸ்க் செப்டம்பர் முழுக்க நீதிபதியைத் திட்டிப் போஸ்ட் போட்டுக்கிட்டே இருந்தார். ஆனா செப்டம்பர் 20 வாக்குல அவரோட கம்பெனி அமைதியா பிரேசில்ல சட்டப் பிரதிநிதியை நியமிச்சுது, கேட்ட அக்கவுண்ட்களை முடக்குச்சு, மிச்ச அபராதத்தையும் கட்ட ஒத்துக்கிச்சு. எல்லாம் சேர்த்து 2.86 கோடி ரெயால், நம்ம காசுல நாற்பது கோடிக்குக் கொஞ்சம் மேல.

கட்டினதிலேயும் ஒரு கூத்து. காசை வேற பேங்க் அக்கவுண்ட்ல போட்டுட்டாங்க! கோர்ட் சொன்ன அக்கவுண்ட்டுக்கு அது மாறி வர்றதுக்குள்ள இன்னும் சில நாள் போச்சு. அக்டோபர் 8-ம் தேதி தடை நீங்குச்சு. உலகத்தோட பெரிய பணக்காரர், ஒரு நாட்டோட உச்ச நீதிமன்றம், பேச்சுச் சுதந்திரம், தேசிய இறையாண்மை எல்லாம் மோதின சண்டை, கடைசி நாள்ல ஐஎஃப்எஸ்சி கோடைத் தப்பா போட்டுட்டு பேங்க் கவுன்டர்ல நிக்கிற நம்ம நிலைமைக்கு வந்துடுச்சு.

இதையெல்லாம் கேட்டுட்டு, இது புதுக் காலப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. 2000-ல பிரான்ஸ்ல யாஹூ மேல ஒரு வழக்கு. யாஹூ ஏல சைட்ல நாஜி காலப் பொருட்கள் விற்பனைக்கு இருந்துச்சு. அமெரிக்காவுல அது குற்றம் இல்லை, பிரான்ஸ்ல குற்றம். யார் பிரான்ஸ்ல இருந்து வர்றாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும், தொழில்நுட்பப்படி முடியாதுன்னு யாஹூ வாதாடுச்சு. கோர்ட் நிபுணர் குழு வச்சுது, இணையத்தோட தந்தைகள்ல ஒருத்தரான விண்ட் செர்ஃப் அதுல இருந்தார். ஐபியை வச்சு சுமாரா 70 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கலாம், கூடவே எந்த நாடுன்னு கேட்டா 90 சதவீதம் வரைக்கும் போகலாம்னு அறிக்கை வந்துச்சு. அதைவிட எனக்குப் பிடிச்சது, பிரான்ஸ்ல இருந்து வர்றவங்களுக்கு யாஹூ ஏற்கெனவே பிரெஞ்சு மொழியில விளம்பரம் காட்டிக்கிட்டு இருக்குன்னு கோர்ட் சுட்டிக்காட்டினதுதான். விளம்பரம் விக்கும்போது தெரியுற ஊர், சட்டம் வரும்போது தெரியாமப் போகுது. 24 வருஷம் ஆகியும் இந்த வாதம் மாறவே இல்லை, போங்க.

நம்ம ஊர் கதையும் இதுல இருக்கு. 2019 ஏப்ரல் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, டிக்டாக் டவுன்லோடைத் தடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டுச்சு. மதுரைக்கு பெய்ஜிங்ல என்ன அதிகாரம்? ஆனா மத்திய அரசு கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் கடிதம் எழுதுச்சு, ரெண்டு ஸ்டோர்ல இருந்தும் ஆப் காணாமப் போச்சு. ஏற்கெனவே போன்ல இருந்தவங்களுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இருந்தாலும் ஒரு நாளைக்கு 5 லட்சம் டாலர் வரைக்கும் நஷ்டம்னு பைட்டான்ஸ் உச்ச நீதிமன்றத்துல சொல்லுச்சு. ஏப்ரல் 24-ம் தேதி தடை விலகுச்சு. கதவு பெய்ஜிங்ல இருந்தாலும் கடை வாசல் ரெண்டு கம்பெனிக்குச் சொந்தம்.

அப்புறம் 2021-ல ஐடி விதிகள். 50 லட்சத்துக்கு மேல யூசர்கள் இருக்கிற சமூக வலைத்தளம் எல்லாம் இந்தியாவுல வசிக்கிற மூணு அதிகாரிகளை வைக்கணும். அதுல தலைமை இணக்க அதிகாரின்னு ஒருத்தர், கம்பெனி விதியை மீறினா அவர் மேலேயே வழக்கு வரலாம். அந்த வருஷம் மே மாசம் டெல்லி போலீஸ் ஒரு நோட்டீஸோட ட்விட்டர் ஆபீஸ்களுக்குப் போனாங்க. கொரோனா நேரம், எல்லாரும் வீட்டுல இருந்து வேலை. ஆபீஸ் காலி. பிரேசில்ல ஆபீஸை மூடிட்டு ஆளைக் காணோம், டெல்லியில ஆபீஸ் இருந்தும் ஆளைக் காணோம். ஆகஸ்டுக்குள்ள ட்விட்டர் ஆட்களை நியமிச்சுடுச்சு.

சரி, நான் எந்தப் பக்கம்? இதை எப்பவும் கேட்பீங்க. வெளிநாட்டு கம்பெனி உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படணும்ங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. இங்கே விளம்பரக் காசு எடுக்கிறவன் இங்கே நோட்டீஸும் வாங்கணும். ஆனா பிரேசில் கதையில எனக்கு உறுத்துறது வேற. அந்த உத்தரவுகள்ல நிறைய ரகசியம். எந்த அக்கவுண்ட், எந்தப் போஸ்ட், என்ன காரணம்னு வெளியில தெரியாது. சில சமயம் முடக்கப்பட்டவருக்கே தெரியாது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒண்ணு 2024 ஏப்ரல்ல வெளியிட்ட பிறகுதான் அதுல பலதை மக்கள் படிச்சாங்க. அந்தப் பொய்ச் செய்தி விசாரணையை 2019-ல நீதிமன்றமே தன்னிச்சையா ஆரம்பிச்சுது. நீதிமன்றத்து மேல நடந்த தாக்குதலை நீதிமன்றமே விசாரிச்சு நீதிமன்றமே தீர்ப்பும் சொல்லுது. கும்பல் மூணு மாளிகைக்குள்ள புகுந்த நாட்டுல இருந்துக்கிட்டு அந்த நீதிபதி அப்படித்தான் பண்ணமுடியும்னு என் சக ஊழியர் சொல்வார். அவர் பொல்சனாரோவுக்கு ஓட்டுப் போட்டவர் இல்லை. ஆனா அவருக்கும் ஏழரை லட்ச ரூபாய் வரியைப் பத்திக் கோபம் இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம்.

இந்தச் சண்டை அங்கேயே முடியலை. 2025 ஜூலையில டிரம்ப் பிரேசில் பொருட்களுக்கு 50 சதவீத வரின்னு அறிவிச்ச கடிதத்துல, சமூக வலைத்தளங்களுக்குப் போட்ட ரகசிய உத்தரவுகளையும் ஒரு காரணமா எழுதினார். அதே மாசக் கடைசியில மொராயிஸ் மேலேயே அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டுச்சு, வருஷ முடிவுக்குள்ள எடுத்தும்ட்டாங்க. ஒரு நீதிபதி ஒரு கம்பெனியோட பேங்க் அக்கவுண்டை முடக்கினார், இன்னொரு நாடு அந்த நீதிபதியோட அக்கவுண்டுக்கே வந்துச்சு. ஆப் மூடுறதுக்குப் பதில் காபிக்கு வரி. அடுத்த தடவை இன்னொரு நாட்டு நீதிமன்றம் இப்படி உத்தரவு எழுதும்போது, அந்த நாட்டு வர்த்தக அமைச்சர்கிட்ட இருந்து போன் வராதுன்னு யார் சொல்ல முடியும்?

என் நாலு வரியைப் பத்திக் கேட்பீங்க. அக்டோபர்ல தடை நீங்கின அன்னைக்கு அதை எடுக்கச் சொல்லி யாரும் டிக்கெட் போடல. உத்தரவு வரும்போது ஓடி வந்த லீகல் டீம், விலகும்போது வரல. நவம்பர்ல ஒரு நாள் அவர் கால்ல கேட்டார், "எக்ஸ் எல்லாருக்கும் திறக்குது, ஆபீஸ் லேப்டாப்ல மட்டும் திறக்கல, பிரேசில் இன்னும் தடை பண்ணியிருக்கா?" இல்லை, பிரேசில் எடுத்துடுச்சு, எடுக்காதது நான்தான்னு சொன்னேன். அன்னைக்கு சாயங்காலம் எடுத்துட்டேன். அவர் திறந்து பார்த்துட்டு, ரெண்டு நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணிட்டு, இதுக்கா இவ்வளவுன்னு கேட்டு மூடிட்டு, ப்ளூஸ்கைக்கே போயிட்டார்.

அவ்வளவுதான் இந்த எபிசோட். உங்க ஆபீஸ்லேயும் இந்த மாதிரி ஏதாவது ஜியோ-பிளாக் ரூல் யாரும் எடுக்காமக் கிடந்தா, கம்பெனி பேர் போடாம எழுதி அனுப்புங்க, அடுத்த தடவை படிக்கிறேன்.